பொக்லைன் வெடித்த ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பைக்கை எடுத்தால் எங்கே என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். பாகூர்ப் பக்கம், நண்பன் வீடு, கம்ப்யூட்டரில் ரோபோ சண்டை. முப்பத்தைந்து வயதில் ஓர் ஆள் வில்லியனூரிலிருந்து அவ்வளவு தூரம் போய் ரோபோ விளையாடிவிட்டு வருகிறான் என்றால் அதில் கேட்க என்ன இருக்கிறது? "சின்னப் பசங்களே அத்தெல்லாம் வுட்டுட்டானுங்க" என்று அம்மா மட்டும் ஒரு தடவை சொன்னார். நான் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எதற்காகப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அது இருபது வருஷத்துக்கு மேல் பழைய கேம். நாங்கள் இரண்டு பேரும் ஐ.டி.ஐ. படித்த காலத்தில் வில்லியனூர் பிரவுசிங் சென்டர் ஒன்றில் கிடைத்தது. அப்போதே அது பழசுதான். மாடி வீட்டு உயரத்துக்கு ரோபோக்கள். ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் உட்கார்ந்து ஓட்ட ஓர் ஆள். தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். நம் ரோபோக்களை நகர்த்தி, சுட்டு, முடிந்தது என்று அமுக்கினால்தான் எதிரி அசைவான். நாம் அமுக்காதவரை எத்தனை மணி நேரமானாலும் அப்படியே நிற்பான். வேகத்துக்கு அதில் வேலையே இல்லை. கீபோர்டுகூட வேண்டாம், மவுஸ் போதும். ஒரு கை போதும்.

எங்களிடம் நாலு ரோபோக்கள். கேம் கொடுத்த இங்கிலீஷ் பேர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பேர் வைத்தோம். கரும்பு லாரி, வாட்டர் டேங்க், ரோடு ரோலர், பொக்லைன். நீளக் கை வைத்த பொக்லைன்தான் இருப்பதிலேயே கெட்டிக்காரி. அதை ஓட்டுகிறவள், கிராப் வெட்டிய, சிரிக்கவே சிரிக்காத ஒரு பெண். ஓரத்தில் சின்னச் சதுரத்தில் அவள் முகம் தெரியும். அவளை மேடம் என்போம். ஒவ்வொரு சண்டையிலும் தப்பித்துத் தப்பித்து அவள் குறியின் துல்லியம் கூடிக்கொண்டே போனது. "நம்ம சூப்பர்வைசர விட மேடத்துக்கு வேல தெரியும்டா" என்பான் நண்பன்.

நாங்கள் எதிரெதிராக விளையாடியதில்லை. ஒரே அணியை மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஒரு சுற்று நான், அடுத்த சுற்று அவன். அதற்கு ஷிப்ட் என்று பேர். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் ஒப்படைக்க வேண்டும்: எதற்குக் கால் உடைந்திருக்கிறது, எதில் குண்டு தீர்ந்துவிட்டது, எதற்கு எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது. சொல்லாமல் எழுந்தால் நண்பன் உட்கார மாட்டான். "இன்னா நெலமைல வுட்டுட்டுப் போற, அத்த சொல்லு மொதல்ல" என்று நின்றுகொண்டே கேட்பான். இன்னொரு சட்டமும் அவனுடையதுதான். செத்தால் செத்ததுதான். முன்னால் சேவ் செய்ததைத் திறந்து பிழைக்கவைக்கக் கூடாது.

சூடு பற்றிச் சொல்ல வேண்டும். குண்டு சுடச் சுட ரோபோ சூடாகும். அளவு மீறினால் அதுவே தன்னை அணைத்துக்கொண்டு ஒரு சுற்று மரம் மாதிரி நிற்கும். அப்படி நிற்க வேண்டாம் என்றால் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதை ஆஃப் செய்துவிட்டால் ரோபோ நிற்காது, சுட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் சூடு எல்லை தாண்டினால் உள்ளேயிருக்கும் குண்டுகள் வெடித்து ஓட்டுகிற ஆளோடு போய்விடும். நான் அவசரக்காரன், அந்த சுவிட்சைத் தொடுவேன். அவன் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

தொழிற்சாலையிலும் அவன் அப்படித்தான் இருந்தான்.

திருபுவனை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஆபரேட்டர். ஒரே மிஷின், காலை ஷிப்டில் நான் இருந்தால் மதியத்துக்கு அவன். அந்த மிஷினில் இரண்டு பக்கமும் இரண்டு பச்சை பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலேயிருக்கும் டை, தகட்டை அடிக்கும் இரும்பு அச்சு, இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது அடியில் மாட்டக் கை இருக்காது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இரண்டு கையும் பட்டனுக்குப் போனால் தகடு வைப்பதும் எடுப்பதும் மெதுவாகும். கேட்ட எண்ணிக்கை வராது. அதனால் எல்லாரும் ஒரு வேலை செய்வோம். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, மூன்றாக மடித்து, ஒரு பட்டனை அமுக்கி அதன் சந்தில் செருகிவிடுவோம். அதற்கு ஆப்பு என்று பேர். பிறகு ஒரு கையால் அடிக்கலாம், இன்னொரு கை தகட்டைப் பார்த்துக்கொள்ளும். புது மிஷினில் இந்த வித்தை பலிக்காது. எங்களுடையது பழசு.

ஷிப்ட் முடிந்து போகிறவன் ஆப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவது எங்களிடம் ஒரு மரியாதை. அடுத்து வருகிறவனுக்கு வெட்டி மடிக்கிற வேலை மிச்சம். எடுத்துக்கொண்டு போகிறவனைக் கஞ்சன் என்று கிண்டல் செய்வோம். நண்பன் ஒருத்தனுக்கு மட்டும் நான் எடுத்துவிடுவேன். அவன் ஆப்பு வைத்து அடிப்பதில்லை. எண்ணிக்கை குறைந்து சூப்பர்வைசர் கத்தினாலும் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் அடிப்பான். "பயந்தாங்கொள்ளி" என்போம். சிரிப்பான். அவன் நம்பியது அந்த இரண்டு பட்டனை. ஒரு கையை ஒரு பட்டன் மேல் வைத்துக்கொண்டே மறு கையால் தகட்டைச் சரிசெய்வான். இரண்டையும் அமுக்காமல் டை இறங்காது என்று தெரிந்தவனுக்கு அது தப்பே இல்லை.

அன்றைக்கு நான் எடுக்கவில்லை.

பெரிய காரணம் ஏதாவது இருந்தால் தேவலை. என் போன் விழுந்து டிஸ்ப்ளே உடைந்து, வில்லியனூர்க் கடையில் மாற்றக் கொடுத்திருந்தேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. கம்பெனி பஸ் கிளம்பப் பார்த்தது. மிஷின் நோட்டில் வழக்கம்போல் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டிருந்த அவன் எனக்குக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

கடையில் புது டிஸ்ப்ளே போட்டு போனைக் கையில் கொடுத்தபோது வந்த முதல் கால், மிஷின் பக்கத்து ஆள் ஒருத்தனுடையது. நண்பனின் இடது கையில் கட்டை விரல் தவிர மற்ற நாலும் போய்விட்டன என்றான்.

மறுநாள் ஆபீஸ் அறையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மேஜை மேல் ஒரு தாளில் அந்தப் பட்டைத் துண்டு இருந்தது. மூன்று மடிப்பு. சேஃப்டி ஆபீசர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க மிஷின குடுக்கும்போது இது இருந்துச்சா?"

"நான் எடுத்துட்டுதான் சார் போனேன்" என்றேன்.

சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை. அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆபரேட்டர் தானே பாதுகாப்பை மீறினார் என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரியைக் கம்பெனி பார்த்துக்கொண்டது, நண்பனுக்கு வேலை போனது. ஒரு மாதம் எவனும் ஆப்பு வைக்கவில்லை. பிறகு ஒருவன் வைத்தான், எல்லாரும் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. ஆனால் வைக்கிறவனிடம் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நண்பனுக்கு அந்த நிமிஷம் ஞாபகமே இல்லை. டை இறங்கிய சத்தம் மட்டும் இருக்கிறது, அதற்கு முன் என்ன செய்தான் என்பது இல்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "நான் வெக்கலடா. நான் என்னிக்கி வெச்சிருக்கேன்?" என்றான். ஒரு மாதம் கழித்து, "வெச்சிருப்பனோ? அன்னிக்கி எண்ணிக்கை கம்மின்னு காலைலயே போன்ல திட்டுனாங்க" என்றான். அதற்கும் அடுத்த மாதம் கேள்வி நின்றுவிட்டது. "ஏதோ ஒரு நெனப்புல வெச்சிட்டேன் போல. என் கெட்ட நேரம்." இந்த மூன்றுக்கும் நான் உம் கொட்டினேன். நடு வாக்கியத்துக்குக்கூட.

அவன் மனைவி ஒரு தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். என்னை அண்ணா என்பாள். யார் கேட்டாலும் கையைப் பற்றி அவளே சொல்லிவிடுவாள்: "சீக்கிரம் அடிக்கணும்னு ஆசப்பட்டு கைய வுட்டுட்டாரு." திட்டுகிற மாதிரி இருக்காது, ஊர் நடப்பைச் சொல்கிற மாதிரி இருக்கும். தெருவும் அதையே சொன்னது. அவன் காஸ் அடுப்பைப் பற்றவைக்கப் போனால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். பைக்கைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கை போனபோது குழந்தைக்கு நாலு மாதம். அதைத் தூக்க அவனை விடவில்லை. முதலில் கட்டு இருக்கிறதே என்றார்கள். கட்டுப் பிரித்த பிறகும் விடவில்லை. குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டு அவன் முன்னால் வந்து கையை உயர்த்தி நிற்கும். அவன் உள்ளே பார்த்து, "வா, இத்த தூக்கு" என்று மனைவியைக் கூப்பிடுவான். அவனுக்கு ஒன்றரைக் கை இருக்கிறது, ஒரு பெண் குழந்தையைத் தூக்க அது போதும். அவர்கள் பயந்தது கையைப் பற்றி இல்லை. புத்தியைப் பற்றி. அவனும் அதை நம்பிவிட்டான். ஞாயிறு தவறாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் பழைய ஆளாகிவிடுவான். சொன்னால் என் வேலை போகும், அவனும் போவான். இரண்டு வருஷம் நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ரோபோ விளையாடப் போனேன். கூடவே பழம், பிஸ்கட். என்ன ஒரு பெருந்தன்மை.

அந்த ஞாயிறு அபிஷேகப்பாக்கம் வயல்களில் தண்ணீர் தேங்கி ரோடு ஓரம் வரை வந்திருந்தது. நனைந்துகொண்டே போனேன். அவன் மனைவி தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை. பழைய சி.பி.யூ. மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பி வைத்திருந்தான். கேமுக்குள் ரோபோவும் சூடு, வெளியே கம்ப்யூட்டரும் சூடு என்று நாங்கள் சிரிப்பது வழக்கம்.

பனிமலையில் ஒரு சண்டை. முதல் ஷிப்ட் என்னுடையது. எதிரிகளில் பெரியவன் ஒருத்தன் கரும்பு லாரியை நெருங்கிக்கொண்டிருந்தான். பொக்லைனை வைத்து அவனை முடித்துவிடலாம், ஆனால் எல்லாத் துப்பாக்கியையும் சுட்டால் சூடு ஏறி அணைந்துவிடும். ஓரத்து சுவிட்சை ஆஃப் செய்தேன். சுட்டேன். பெரியவன் விழுந்தான். பொக்லைனின் சூடு எல்லைக்கு மயிரிழையில் நின்றது. எனக்கு ஒரே குஷி. நண்பன் முதுகில் தட்டிவிட்டு எழுந்தேன்.

"சொல்லு" என்றான், நின்றபடியே.

"ரோடு ரோலர் எடது கால் அவுட்டு. டேங்க்ல குண்டு ரெண்டு. மேடம் சூடா இருக்காங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நார்மல்."

மறைத்துச் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துபோனேன். குழம்பு வாசனையும் ஜெயித்த குஷியுமாக நின்றேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. மறதி என்னிடம் எப்போதும் அடுத்தவன் ஷிப்டில்தான் வேலை செய்கிறது.

அவன் உட்கார்ந்தான். எதிரி நகர்ந்து முடித்த பிறகு நெடுநேரம் யோசித்தான். பொக்லைன் இருந்தது ஒரு மேட்டுக்குப் பின்னால். "இன்னொரு தபா முழுசா அடிச்சா மேடம் ஆஃப் ஆயிடுவாங்க. ஆவட்டும். மேட்டுக்குப் பின்னாடி ஒரு ரவுண்டு தூங்கட்டும், எவனும் அடிக்க முடியாது" என்றான். சரியான கணக்கு. வலது கையால் மவுஸை நகர்த்தி அமுக்கினான்.

பொக்லைன் சுட்டது. அணையவில்லை. திரை வெள்ளையாகி ஆரஞ்சு ஆகி, நீளக் கை தனியாகப் போய் விழுந்தது. ஓரத்துச் சதுரத்தில் மேடத்தின் முகம் சாம்பல் நிறமானது.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். நான் சொன்ன முதல் வார்த்தை, "பழைய சேவ் இருக்குடா, தொறந்துக்கலாம்." அவன் அதைக் கேட்கவே இல்லை. பொக்லைன் கிடந்த கட்டத்தைத் திறந்து ஓரத்து சுவிட்ச் ஆஃபில் இருப்பதைப் பார்த்தான்.

"நான் இத்த தொடவே மாட்டனேடா" என்றான். பிறகு கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "தொட்டுட்டேன் போல. எனுக்கே தெரியாம அமுக்கியிருக்கேன். என் புத்தியே அப்டித்தான், வுடு."

அன்றைக்கும் நான் உம் கொட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, அது வெறும் கேம். ஆனால் அவன் அதை என் கண் முன்னால் செய்தான். வெக்கலடா, வெச்சிருப்பனோ, வெச்சிட்டேன் போல என்று மாதக்கணக்கில் இறங்கிய படிகளை ஒரே மூச்சில் இறங்கிவிட்டான். என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றேன். "சொல்ல மறந்துட்டேன்."

"நீயா?" திரும்பினான். "நார்மல்னியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கும் நோட்ல நார்மல்னுதான் எழுதியிருந்த" என்றான், மெதுவாக. "நான் பாத்துட்டுதான் மிஷின்ல நின்னேன்."

"ஆமாம்" என்றேன்.

"இன்னா ஆமாம்?"

"ஆப்பு நான் வெச்சது. எடுக்காம போயிட்டேன். ஆபீஸ்ல பொய் சொன்னேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஒப்படைக்கும்போது கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டான். எந்தப் பக்க பட்டன்? வலதா, இடதா? எத்தனை மடிப்பு? எத்தனை மணிக்குச் செருகினாய்? நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினான். கடைசியில், "அப்போ நான் எப்பவும் போலத்தான் அடிச்சிக்கினு இருந்திருக்கேன்" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரண்டியோடு வந்தாள். "இவன் இன்னா சொல்றான் கேளு" என்றான். "சொல்லுடா. திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். இரண்டாவது தடவை வார்த்தைகள் இன்னும் சின்னதாக இருந்தன. அவள் கத்தவில்லை. முதலில் அவனைப் பார்த்தாள், வெகுநேரம். பிறகு குழந்தையை இறக்கி அவன் மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என் கையால சோறு துன்னியேண்ணா" என்றாள்.

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அவன் குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான், கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி. அது நெளிந்தது. "எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றான் என்னைப் பார்க்காமல்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். மிஷினை நான் ஆப்போடு விட்டுவந்தேன், நோட்டில் பொய் எழுதினேன், விசாரணையிலும் பொய் சொன்னேன், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கையெழுத்து, தேதி. அவன் அதை வாங்கி மனைவிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தான். நான் செருப்பை மாட்டியபோது இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்க ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். அடுத்த வாரமும். கூப்பிடவில்லை. பிறகு பாகூரிலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தன் சொல்லித்தான் தெரிந்தது. நண்பன் அந்தத் தாளைக் கம்பெனிக்குக் கொண்டுபோகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறான். மாமனார் வீடு, தம்பி வீடு, பால் ஊற்றுகிற வீடு. எல்லா வீட்டிலும் நின்று அதைப் படித்துக் காட்டியிருக்கிறான்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கூட வந்து ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போயிருக்க மாட்டேன்.